தண்ணி மாறினவளின்ரை அபிப்பிராயம்

புத்தூரிலை எங்கடை வாசிகசாலைக்கு நான் பதினொரு வரியம் பொறுப்பா இருந்தனான். சம்பளம் இல்லை, ஏச்சு மட்டும் தாராளம். புத்தகத்தைத் திருப்பித் தரேக்கை ஆக்கள் தங்கடை அபிப்பிராயத்தை எழுதட்டும் எண்டு ஒரு கொப்பி வைச்சிருந்தன். என்ன எழுதுவினம்? “நன்று.” “மிக நன்று.” ஒருத்தர் மூண்டு வரியமா “வாசித்தேன்” எண்டு மட்டும் எழுதிக்கொண்டு வந்தார். எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

பக்கம் முட்ட எழுதினது ஒரேயொரு ஆள்தான். அடியிலை “அ. நாகலிங்கம்” எண்டு கிடக்கும். உண்மையிலை எழுதினது நாகலிங்கத்தின்ரை மனிசி சிவக்கொழுந்து. நாகலிங்கம் புகையிலைத் தோட்டம் செய்யிற ஆள், கையெழுத்து வைக்க மட்டும்தான் தெரியும். சிவக்கொழுந்து எட்டாம் வகுப்பு மட்டும் படிச்சவ. ஆம்பிளையள் பேப்பர் பாத்து முடிச்சுச் சாப்பிடப் போற நேரமாப் பாத்து வந்து, புருசன்ரை அங்கத்துவ அட்டையை நீட்டுவா. பொம்பிளையளுக்கு அட்டை குடுக்கிற வழக்கம் எங்களிட்டை இல்லை. எனக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டுதான் ஒவ்வொரு தரமும் “நாகலிங்கம்” எண்டு பதிஞ்சனான்.

அந்த நாளையிலை தொழிலாளி, கமக்காரன் எண்டு பாடுபடுகிற சனத்தைப் பற்றிப் புதுப்புதுப் புத்தகமா வரத் தொடங்கினது. சிவக்கொழுந்து ஒண்டையும் விடேல்லை. தேயிலைத் தோட்டத்து நாவல் ஒண்டுக்கு, “அழுதேன். ஆனால் நாள் முழுக்க நின்று கொழுந்து பறித்தவர்களில் ஒருவருக்கும் கால் கடுக்கவில்லை” எண்டு எழுதினா. மீன்பிடிக் கதை ஒண்டுக்கு, “கடலை வடிவாக எழுதியிருக்கிறார். வலையைத் தொட்டவர் மாதிரித் தெரியவில்லை.” நான் தனிய இருந்து சிரிப்பன்.

அறுபத்துமூண்டிலை, கொழும்புக் கந்தோரிலை வேலை செய்த எழுத்தாளர் ஒருத்தர் எங்கடை பகுதிப் புகையிலைத் தோட்டக்காரரைப் பற்றி ஒரு நாவல் எழுதினார். அதிலை கதாநாயகன் விடியப்பறம் எழும்பி, தனியக் கிணத்துத் துலாவிலை ஏறி மிதிச்சு ஆயிரம் கண்டு புகையிலைக்கு இறைக்கிறான். மனிசி வீட்டிலை இருந்து பெருமூச்சு விடுறா. சிவக்கொழுந்து எழுதினா:

“மேலே துலாவில் நடக்க ஒருவர். கிணற்றடியில் தண்ணீர் அள்ளிவரும் பட்டையைப் பிடித்து ஊற்ற ஒருவர். வாய்க்காலை வெட்டிப் பாத்தி பாத்தியாகத் திருப்பித் தண்ணீர் மாற ஒருவர். இவன் தனியாக எப்படி இறைத்தான்? அவன் மனைவிக்குப் பெருமூச்சு விட எங்கே நேரம்? அவள் காலில் சேறு எங்கே?”

அந்த எழுத்தாளரைக் கூப்பிட்டுக் கூட்டம் வைக்கிறதெண்டு முடிவாச்சு. வாசிகசாலைத் தலைவர் ஏரம்பு கொப்பியைப் புரட்டினார். நாகலிங்கத்துக்கு வாசிக்க வராதெண்டு அவருக்குத் தெரியாது. “அட, உவன் நாகலிங்கம் என்ன போடு போட்டிருக்கிறான்! கூட்டத்திலை அவனே வாசிக்கட்டும்” எண்டு நோட்டீசிலை பேரையும் அடிச்சுப்போட்டார்.

அடுத்தநாள் சிவக்கொழுந்து ஓடி வந்தா.

“கனகரத்தினம் அண்ணை, எல்லாம் வெளியிலை வரப் போகுது. அட்டையைப் பறிச்சுப் போடுவினம். உந்தப் புத்தகங்களும் இல்லாட்டி எனக்கு என்ன கிடக்கு?”

“அவருக்குக் காய்ச்சல் எண்டு சொல்லு தங்கச்சி.”

“அவர் பொய் சொல்லமாட்டாரே!”

நல்ல மனிசனைக் கட்டினாலும் கரைச்சல்தான்.

கூட்டம் நடந்த அண்டைக்கு நாகலிங்கம் வெளுத்த வேட்டி சால்வையோடை வந்தார். சிவக்கொழுந்து பின்னாலை பொம்பிளையளோடை இருந்தா. ஏரம்பு கொப்பியைக் குடுக்க, நாகலிங்கம் அதை வாங்கி அப்பிடியே மேசையிலை வைச்சார்.

“ஐயா, எனக்கு வாசிக்கத் தெரியாது. இதை எழுதினது என்ரை மனிசி. நான் துலா மிதிக்கேக்கை தண்ணி மாறுறவளும் அவள்தான். அவள் இல்லாட்டி இறைக்கிற தண்ணியெல்லாம் ஒரே பாத்தியிலைதான் நிக்கும்.”

சனம் குசுகுசுத்தது. எழுத்தாளர் எழும்பி, “அம்மா, நீங்களே வந்து வாசியுங்கோ” எண்டார். வந்தா. முதல் ரெண்டு வரிக்கும் குரல் நடுங்கினது. “சேறு எங்கே” எண்டு கேக்கேக்கை நடுங்கேல்லை. எழுத்தாளர், “நான் கிணத்தடிக்குப் போகாமல் எழுதிப்போட்டன்” எண்டு ஒத்துக்கொண்டார்.

கூட்டம் கலைஞ்ச உடனை ஏரம்பு என்னிலை பாய்ஞ்சார். “கள்ள அட்டை! நாளைக்கே நிப்பாட்டு!”

எனக்கும் விசர் வந்திட்டுது. விதிக் கொப்பியைத் தூக்கி மேசையிலை போட்டன். “அங்கத்தவர் எண்டுதான் கிடக்கு. ஆம்பிளை எண்டு எங்கை கிடக்கு, காட்டுங்கோ பாப்பம்! அட்டையை நிப்பாட்டிறதெண்டால் இந்தாங்கோ, வாசிகசாலைக் கதவின்ரை திறப்பையும் வைச்சிருங்கோ.” சம்பளமில்லாத வேலையின்ரை திறப்பை ஆர் வாங்குவினம்? ஏரம்பு சால்வையை உதறிக்கொண்டு போயிட்டார்.

மற்றநாள் மத்தியானம் புது அட்டை ஒண்டை நீட்டினன். சிவக்கொழுந்து தன்ரை பேரைத் தடவிப் பாத்தா, கண்ணாலை தண்ணி ஓடினது. “அட்டை நனையப்போகுது” எண்டு ஏசினன். அதுக்குச் சிரிச்சா. தொழிற்சங்க வேலைநிறுத்தம் பற்றின புத்தகம் ஒண்டை எடுத்துக்கொண்டு, முந்தின மாதிரிச் சீலைத் தலைப்பாலை மூடாமல், கையிலை பிடிச்சபடி றோட்டாலை போனா.

நாலாம் நாள் கொப்பியிலை எழுதிக் கிடந்தது: “வேலைநிறுத்தக் கூட்டம் முடிய நாற்பது பேர் சாப்பிடுகிறார்கள். சமைத்தது யார் என்று எழுதவில்லை. — சிவக்கொழுந்து.”

வாசிச்சுப்போட்டு வீட்டை போய்ச் சாப்பிட இருந்தன். கையைக் கழுவினாப் பிறகு மனிசியைப் பாத்து, “நீர் சாப்பிட்டிட்டீரோ?” எண்டு கேட்டன். பத்தொன்பது வரியத்திலை முதல் தரம். எனக்கு ஏதும் காய்ச்சல் வருத்தமோ எண்டு அவ என்ரை நெத்தியைத் தொட்டுப் பாத்தா.