பம்பரம் கோல் வாசலில் நின்ற கதை

பம்பரம் என்ற பட்டப்பெயர் அவளுக்குப் பள்ளி மைதானத்திலேயே ஒட்டிக்கொண்டது. எதிரணியில் இரண்டு பேர் சேர்ந்து நெருக்கினாலும், பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றி வெளியே வந்துவிடுவாள். அப்பா லிஃப்ட் பழுது பார்ப்பவர், அம்மா ஜெராக்ஸ் கடை வைத்திருந்தாள். இருவருக்கும் ஒரே மகள். இருபதாவது வயதில் ஒரு வெளிநாட்டு கிளப் அவளைக் கால்பந்து ஆடக் கூப்பிட்டதும், அப்பா வேலை பார்க்கும் கட்டடங்களில் ஒன்பதாவது மாடி வரைக்கும் செய்தி ஏறிவிட்டது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம்கூட முதலில் மகள் கதையைச் சொல்லிவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார் என்று அம்மா கேலி செய்தாள்.

போன இடத்தில் யாரும் கம்பளம் விரித்துக் காத்திருக்கவில்லை. தங்குவதற்குச் சலவைக் கடைக்கு மேலே ஓர் அறை. கீழே இயந்திரம் ஓடினால் மேலே கட்டில் அதிரும். மொழி சுத்தமாகத் தெரியாது. முதல் ஐந்து மாதம் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டில்களுக்குக் காவல் இருந்தாள்.

பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் கோச்சிடம் போய் நின்றாள். நெட்டையான பெண்மணி, அளந்து பேசுபவர். பாதி சைகையும் பாதிப் பேச்சுமாக அவர் சொன்னது இதுதான்:

"நீ ஓடறதுல குறையே இல்ல. ஆனா பந்து காலுக்கு வந்த பிறகுதான் சுத்திப் பாக்கறே. வர்றதுக்கு முன்னாடியே பாத்து முடிச்சிருக்கணும்."

சுருக்கென்று தைத்தது. சுற்றுவதுதான் அவளுடைய பெருமை. முன்கூட்டியே பார்க்காதவளுக்குத்தான் அப்படிச் சுற்ற வேண்டியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

அதிலிருந்து தெருவில் நடக்கும்போதெல்லாம் பத்து அடிக்கு ஒருமுறை வலது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை, இடது தோளுக்குப் பின்னால் ஒரு பார்வை. பின்னால் வருவது சைக்கிளா, ஆளா, எவ்வளவு தூரத்தில் என்று மனதுக்குள் குறித்துக்கொள்வாள். பல்பொருள் அங்காடியிலும் இதே வேலைதான். அரிசி அடுக்கிலிருந்து சோப்பு அடுக்கு வரை ஒரு காவலாளி அவளைத் தொடர்ந்து வந்து, "என்ன தேடறே?" என்று அதட்டினார். அவளுக்குத் தெரிந்த பத்துப் பதினைந்து சொற்களும் மைதானத்துச் சொற்கள். அவசரத்தில் வாயில் வந்தது, "பின்னாடி ஆள்!" பாவம், அந்த மனிதர் திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தார்.

அடுத்த பருவத்தில் முதல் பதினோரு பேரில் அவள் பெயர் வந்தது. பிறகு எடுக்கவே இல்லை. பந்து வருவதற்குள் அது எங்கே போக வேண்டும் என்று முடிவு செய்திருப்பாள். சுற்ற வேண்டிய தேவையே குறைந்துபோனது. கோல் போட்டவர்களின் படம் பத்திரிகையில் வரும். அந்தப் பந்து யார் காலிலிருந்து கிளம்பியது என்பது உடன் ஆடியவர்களுக்கு மட்டும் தெரியும். நடுக்களத்தில் ஆடுபவள் சாப்பாட்டில் உப்பு மாதிரி, இல்லாதபோதுதான் தேடுவார்கள்.

இருபத்தாறு வயதில் முழங்காலில் தசைநார் அறுந்தது. ஒன்பது மாதம் ஆட முடியாது என்றார்கள். ஒப்பந்தம் முடிந்தது, கிளப் புதுப்பிக்கவில்லை. ஊருக்கே திரும்பிவிடலாமா என்று அப்பாவிடம் போனில் கேட்டாள்.

"லிஃப்ட் நின்னுபோச்சுன்னா கட்டடத்தையா இடிப்பாங்க? கேபிளை மாத்திட்டு ஓட்டுவாங்கம்மா. டாக்டர் சொல்றதைக் கேளு. ஊர் எங்கயும் ஓடிப்போகாது," என்றார் அவர்.

கேட்டாள். முழங்கால் மடங்கி நிமிரக் கற்றது. பக்கத்து நாட்டில் ஒரு சின்ன கிளப், "ஒரு மாசம் ஆடிக் காட்டு, பாக்கலாம்" என்றது. மூன்றே வாரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். அங்கே மூன்றாம் ஆண்டு கேப்டனைத் தேர்ந்தெடுக்க உடைமாற்றும் அறையில் சீட்டு எழுதிப் போட்டார்கள். இருபத்திரண்டு சீட்டில் பதினெட்டில் அவள் பெயர் இருந்தது, நாலு விதமான எழுத்துப் பிழையோடு. ஒரு வெளிநாட்டுக்காரி அந்த அணிக்குக் கேப்டன் ஆனது அதுவே முதல் தடவை. அன்று குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். வெளியே வந்தபோது முகம் கழுவியிருந்தாள்.

அவள் வெளிநாடு போன பதினோராவது ஆண்டில் பருவத்தின் கடைசி ஆட்டத்துக்கு அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மகள் வெளிநாட்டில் ஆடுவதை அவர்கள் நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. வந்த நேரமும் சாதாரண நேரமில்லை. தோற்றால் அணி இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடும், சமன் செய்தாலே பிழைத்துவிடும். பிற்பகல் வெயிலில் ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று என்று நின்றது.

எண்பத்து மூன்றாவது நிமிடத்தில் பந்தைப் பிடிக்கப் பாய்ந்த கோல்கீப்பரின் விரல் உடைந்தது. மாற்று ஆட்டக்காரிகள் எல்லோரையும் ஏற்கெனவே இறக்கியாகிவிட்டது. உள்ளே இருக்கும் பத்துப் பேரில் ஒருத்திதான் கையுறை மாட்ட வேண்டும். அணியிலேயே உயரமான தடுப்பாட்டக்காரி கையை நீட்டினாள். பம்பரம் தடுத்தாள்.

"நீ போயிட்டா உயரத்துல வர்ற பந்தை யார் தலையால முட்டறது? உன் இடத்துலயே நில்லு. நான் போறேன்."

"நீயா? கோலோட மேல்கம்பி உனக்கு எட்டாதே!"

"பந்தை அதுவரைக்கும் வர விட்டாத்தானே!"

கையுறை இரண்டு அளவு பெரிது. மணிக்கட்டில் டேப் சுற்றி இறுக்கிக்கொண்டாள். கம்பங்களுக்கு நடுவே போய் நின்றதும் அவளுக்கே வியப்பாக இருந்தது. இத்தனை ஆண்டில் முதன்முறையாக முதுகுக்குப் பின்னால் ஆள் இல்லை, வலைதான் இருந்தது. மைதானம் முழுக்க விரித்த பாய் மாதிரி எதிரே கிடந்தது. கத்த ஆரம்பித்தாள். "ஏழாம் நம்பர் உன் பின்னாடி! நீ ரெண்டடி இடது! முன்னாடி போகாதே, அங்கயே நில்லு!" சொன்ன இடத்தில் ஒவ்வொருத்தியும் நின்றாள். எதிரணிக்குக் கிடைத்த இரண்டு கார்னரையும் தடுப்பாட்டக்காரி முட்டி வெளியேற்றினாள். கடைசி நிமிடத்தில் ஒரு பந்து கால்களுக்கு நடுவே புகுந்து தரையோடு சீறி வந்தது. உதைத்தவளின் பாதம் திரும்பியபோதே பம்பரம் அந்தப் பக்கம் விழுந்துவிட்டாள். கையில் சிக்காமல் மார்பில் மோதிய பந்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு அப்படியே சுருண்டாள். ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது.

தடுப்பாட்டக்காரி அவளைத் தூக்கித் தோளில் உட்கார வைத்துக்கொண்டாள். மேலே பார்வையாளர் வரிசையில் அப்பா, பக்கத்து இருக்கைக்காரரிடம் "எம் பொண்ணு! எம் பொண்ணு!" என்று தமிழில் சொல்ல, அவர் தன் மொழியில் ஏதோ சொல்ல, இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

தடுப்புக் கம்பி அருகே வந்த அம்மா அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தாள். "கடைசிப் பத்து நிமிஷம் நான் கண்ணையே தொறக்கலடி."

"அப்ப என்னம்மா பாத்தே?"

"பாக்கணுமா என்ன? மைதானம் பூரா உன் குரல்தான் கேட்டுது. வீட்டுல கூப்பிட்டா 'ம்'ங்கிறதோட சரி. இங்க வந்து ஒரு கூட்டத்தையே மேய்க்கிறே!"

மறுவாரம் ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு ஆண்டுக்கு நீட்டினார்கள். கையெழுத்துப் போடும் நேரத்தில் மேலாளர் பேனாவைக் கொடுக்காமல், "இனிமே எந்த இடத்துல ஆடப்போறே?" என்று விளையாட்டாகக் கேட்டார்.

"நடுவுலதான்," என்றாள் பம்பரம். பக்கத்தில் நின்ற அப்பாவுக்கு அந்த மொழியில் ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனாலும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினார்.