கொண்டை ஊசி வளைவுகளில் ஓர் உலக சாம்பியன்

சனிக்கிழமை காலை ஆறே முக்கால். சேலம் பேருந்து நிலையத்தில் ஏற்காடு பஸ்ஸுக்கு நின்றபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்துவிட்டது. பஸ்மேல் குறை இல்லை, பாவம், அது நேரத்துக்கு வந்து நின்றது. கட்டணக் கழிப்பறைக்கு மேலே கட்டியிருந்த விளம்பரத் தட்டிதான் காரணம். ஆள் உயரத்துக்கு ஒரு முகம். கீழே கொட்டை எழுத்தில், ‘உலக பேட்மிண்டன் சாம்பியன் திரிஸ்னோ உங்கள் பிள்ளைக்குப் பயிற்சி தருகிறார்! ஏற்காடு மஞ்சக்குட்டையில். சேர்க்கை நடைபெறுகிறது.’

அந்த முகம் எனக்குத் தெரிந்த முகம். இந்தோனேசியாவின் ஒற்றையர் ஆட்டக்காரர், நல்ல ஆட்டக்காரர். ஆனால் உலக சாம்பியனா? எந்த உலகத்தில்?

நான் பதினாறு வருடம் பினாங்கில் ஒரு தொழிற்சாலை அலுவலகத்தில் குப்பை கொட்டியவள். அங்கே ஒட்டிக்கொண்டவை இரண்டு: மலாய்ப் பேச்சும் பேட்மிண்டன் பைத்தியமும். மலாய் பேசினால் இந்தோனேசியருக்கு முக்கால்வாசி புரியும். அந்த ஒரே தகுதியில்தான் இந்தப் பயணம். மஞ்சக்குட்டைப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் உள்விளையாட்டரங்கத் திறப்பு விழா; பயிற்சியாளர் பேசுவதைத் தமிழில் சொல்ல ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் மூலம் கூப்பிட்டார்கள். திரிஸ்னோ என்ற பெயரைக் கேட்டதும், எவ்வளவு தருவீர்கள் என்றுகூடக் கேட்காமல் தலையாட்டிவிட்டேன்.

ஜன்னலோர இருக்கை கிடைத்தது. ஏற்காட்டுக்கு முப்பது கிலோமீட்டர். அதற்குள் இந்த மனிதரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் பூர்வோகெர்த்தோ என்ற ஊர்க்காரர். பதினைந்து வயதில் ஜகார்த்தா தேசிய முகாமுக்கு எடுத்தார்கள். அந்த நாட்டில் தெருவுக்கு நாலு பேர் பேட்மிண்டன் ஆடுவார்கள். முகாமில் இவருக்கு முன்னால் ஒரு பெரிய வரிசையே நின்றது. முழங்கால் போனதும் முகாம் இவரைக் கழற்றிவிட்டது. அப்புறம் கைக்காசு போட்டு நாடு நாடாக அலைந்தார். தகுதிச் சுற்று, முதல் சுற்று, அதிகம் போனால் கால் இறுதி. சட்டையைத் தானே துவைத்து, மட்டைக்கு நரம்பைத் தானே கட்டி, முப்பத்து நாலு வயது வரைக்கும் ஆடினார்.

கோலாலம்பூரில் ஒருமுறை அவர் ஆட்டத்தை நேரில் பார்த்தேன். ஓரத்து மைதானம், கூட்டமே இல்லை. மூன்றாவது செட், இருபதுக்குப் பத்தொன்பது என்று இவர் முன்னிலை. எதிராளி அடித்த பந்து கோட்டைத் தாண்டி வெளியே விழ, நடுவர் இவருக்குப் புள்ளி கொடுத்துவிட்டார். ஆட்டம் முடிந்தது, ஜெயித்துவிட்டார் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். இவரோ கையைத் தூக்கினார். “என் மட்டையில் உரசியது” என்றார். நடுவர் பார்க்கவில்லை, எதிராளி பார்க்கவில்லை, பத்தடி தூரத்தில் இருந்த நானும் பார்க்கவில்லை. அந்தப் புள்ளி எதிராளிக்குப் போனது, அடுத்த இரண்டும் போயின, ஆட்டமே போயிற்று. பினாங்கு திரும்பும் பஸ் முழுக்க அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். அப்படிப்பட்ட ஆளைப் பிடித்துத்தான் உலக சாம்பியன் என்று கழிப்பறைக்கு மேலே கட்டியிருக்கிறார்கள்!

அடிவாரத்தில் பஸ் பத்து நிமிடம் நின்றது. டீ பதினைந்து ரூபாய், இஞ்சி தாராளம். டீக்கடைக்கு எதிரே இன்னொரு தட்டி. மலை ஏற ஏற, வளைவுக்கு ஒன்று. ‘ஒலி எழுப்பவும்’ பலகைக்குப் பக்கத்தில் திரிஸ்னோ, குரங்குகளுக்கு உணவு தராதீர்கள் என்பதற்கு மேலே திரிஸ்னோ. சில்வர் ஓக் மரத்தில் ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். பதினேழாவது வளைவில் கிளைகளுக்கு நடுவே சேலம் நகரம் மொத்தமும் தெரியும், கண்கொள்ளாக் காட்சி என்பார்கள். அங்கேயும் தட்டியை வைத்து மறைத்துவிட்டார்கள்.

எட்டரைக்கு ஏற்காடு. ஏரிக்கரை ரவுண்டானாவில் பள்ளியின் ஜீப் நின்றது. ஓட்டுநர் ஆரோக்கியம், நாற்பது வயதிருக்கும், வண்டிக் கண்ணாடியில் ஜெபமாலை தொங்கியது.

“ஏனுங்க, மாஸ்டர் பேசறத தமிழ்ல சொல்றவங்க நீங்கதானுங்களா? ஏறுங்க, ஏறுங்க.”

காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வண்டி குலுங்கிப் போனது. மிளகுக்கொடி மரத்துக்கு மரம் ஏறியிருந்தது. ஆரோக்கியம் வாய் ஓயவில்லை. மகள் ஸ்டெல்லா ஒன்பதாம் வகுப்பு; திரிஸ்னோவிடம் நான்கு மாதமாகப் பயிற்சி.

“எங்க ஊட்டுக்காரி எஸ்டேட்ல காப்பிப் பழம் பறிக்கறவளுங்க. ஷட்டிலெல்லாம் நமக்கு எதுக்குன்னு கத்துனா. நான்தான் சொன்னேன், ஒலகத்துலயே ஒண்ணாம் நம்பர் ஆளு நம்ம மஞ்சக்குட்டைக்கு வந்திருக்காரு, சும்மாங்களா! ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனுங்க.”

அவர் முகத்தில் இருந்த பெருமையை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

பள்ளி வாசலில் தாளாளரே வரவேற்றார். வெள்ளை வேட்டி, விரல் நிறைய மோதிரம். காபி வந்தது. கூடவே தட்டச்சு செய்த ஒரு காகிதமும் வந்தது. தலைப்பு: ‘திரு. திரிஸ்னோ அவர்களின் உரை – தமிழாக்கம்.’ உள்ளே, ‘நான் உலகக் கோப்பையை வென்ற நாளில்கூட இவ்வளவு மகிழ்ச்சி அடைந்ததில்லை. தாளாளர் ஐயா எனக்குத் தந்தை போன்றவர்.’

“அவர் இன்னும் பேசவே இல்லீங்களே?” என்றேன்.

“பேசுனா என்னங்கம்மா, எல்லாம் ஒண்ணுதானுங்களே. அவரு பேசறது இங்க யாருக்குப் புரியப் போகுது? அவரு முடிச்சதும் நீங்க இதப் படிச்சிருங்க.”

மொழிபெயர்ப்பை முதலில் எழுதிவிட்டுப் பேச்சைப் பின்னால் வரவழைக்கும் இந்த அதிசயத்தை நான் பினாங்கிலும் கண்டதில்லை, வேறெங்கும் கண்டதில்லை. காகிதத்தை மடித்துக் கைப்பையில் போட்டேன். காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன்.

திரிஸ்னோ அரங்கத்தில் தனியாக வலை கட்டிக்கொண்டிருந்தார். தட்டியில் இருப்பதைவிட மெலிவு, இடது முழங்காலில் பட்டை. மலாயில் வணக்கம் சொன்னதும் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். என்னை ‘இபு’ என்றார். அவர்கள் ஊரில் அம்மா என்பது போன்ற மரியாதை. கோலாலம்பூர் ஆட்டத்தைச் சொன்னேன்.

“அன்று ஒரு பெண் எழுந்து நின்று, பிறகு கோபமாக உட்கார்ந்தார். நீங்களா?”

“நானேதான். இன்னும் கோபம் தீரவில்லை.”

சிரித்தார். சொந்த ஊர் பூர்வோகெர்த்தோவும் மலையடிவாரம், இந்தக் குளிரும் மேகமும் வீட்டில் இருப்பது போலவே இருக்கிறது என்றார். பிள்ளைகள் தமிழ் சொல்லித் தருகிறார்களாம். காலு, மேலே, இன்னொரு தரம், இல்லை. நாலு சொல்லில் நாலு மாதம் ஓட்டிவிட்டார். பேச்சோடு பேச்சாக வாசலில் இருந்த தட்டியைக் காட்டிக் கேட்டார்.

“அதில் என்ன எழுதியிருக்கிறது, இபு? பள்ளியின் பெயரும் தொலைபேசி எண்ணும்தானே?”

மலை முழுக்க இவர் முகத்தை மாட்டிவிட்டு, கீழே என்ன எழுதினோம் என்று இவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. படித்துச் சொன்னேன். அவர் முகம் செத்துவிட்டது.

“பிள்ளைகள் என்னை ‘சாம்பியன் சார்’ என்பார்கள். இங்கே எல்லாரையும் சார் என்கிறார்களே, அதுபோல ஒரு மரியாதை என்று நினைத்தேன்.” கொஞ்ச நேரம் முழங்கால் பட்டையை இழுத்துக்கொண்டிருந்தார். “உண்மையான சாம்பியன்களோடு நான் ஒரே அறையில் தங்கியிருக்கிறேன், இபு. என்னிடம் மிச்சம் இருப்பது நான் ஆடிய ஆட்டங்கள் மட்டும்தான். அதோடு ஆடாத ஒன்றைக் கூட்டிச் சேர்த்தாலும் அது என்னுடையது இல்லை. இன்று நான் சொல்வதை நீங்கள் ஒரு சொல் விடாமல் சொல்ல வேண்டும்.”

“வேலை போய்விடும்.”

“தெரியும். ஊரில் மகன் கல்லூரியில் படிக்கிறான். அதுவும் தெரியும்.”

பதினொன்றே காலுக்கு விழா. குத்துவிளக்கு, வரவேற்புரை, பொன்னாடை, மறுபடியும் பொன்னாடை. சிறப்பு விருந்தினருக்கு வியர்க்கிறது என்று ராட்சத மின்விசிறிகளைப் போட்டார்கள்; அந்தக் காற்றில் பேட்மிண்டன் பந்து பட்டம் போலப் பறந்திருக்கும். ஆடினால்தானே? ஆட்டம் நிகழ்ச்சியிலேயே கிடையாது. பிள்ளைகள் மட்டையோடு தரையில் உட்கார்ந்து பேச்சுகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு மணி நேரம் கழித்து ஒருவழியாகத் திரிஸ்னோவை அழைத்தார்கள்.

அவர் பேசப் பேச நான் சொன்னேன். “நான் உலக சாம்பியன் அல்ல. எந்தப் பெரிய கோப்பையையும் வென்றதில்லை. ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம். சாம்பியனிடம் அனுப்புவதாக நினைத்து உங்கள் பிள்ளைகளை அனுப்பியிருந்தால் என்னை மன்னியுங்கள். பேட்மிண்டன் கற்க அனுப்பியிருந்தால், காலை ஐந்து மணிக்கு நான் இங்கே…”

ஒலிபெருக்கி செத்துவிட்டது. தாளாளர் இன்னொரு மைக்கோடு எழுந்தார். “மன்னிக்கணும், பெரியவங்களே. மாஸ்டர் தன்னடக்கமாப் பேசறாரு. மொழிபெயர்க்க வந்த அம்மாவுக்கு அந்த பாஷை சரியாத் தெரியாதுங்க. நேரமின்மை காரணமா…”

எனக்கு பாஷை தெரியாதாம்! பதினாறு வருடம் அந்த பாஷையில் சண்டை போட்டுச் சம்பள உயர்வு வாங்கியவள் நான். “முன்கூட்டியே மொழிபெயர்ப்பை எழுதி என் கையில் கொடுத்தவர் நீங்கள்!” என்று தொண்டை கிழியக் கத்தினேன். கூட்டம் என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தது. ஆரோக்கியம்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டார். ஊர் முழுக்க எழுதி வைத்திருப்பதை நம்புவார்களா, நேற்று வந்தவளை நம்புவார்களா?

திரிஸ்னோவுக்கு என்ன நடக்கிறது என்று புரிந்துவிட்டது. மேடையின் விளிம்புக்கு வந்தார். பொன்னாடையை எடுத்து மடித்து நாற்காலியில் வைத்தார். மைக் இல்லாமல், தன் நெஞ்சைத் தொட்டு, தெரிந்த நாலு சொல்லில் ஒன்றை எடுத்தார்.

“சாம்பியன்… இல்லை.”

அதை மொழிபெயர்க்க ஆள் தேவைப்படவில்லை.

அதன்பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பெற்றோர்கள் எழுந்தார்கள். கோபத்தோடு எழுந்தார்கள். போய்ச் சூழ்ந்தது யாரைத் தெரியுமா? திரிஸ்னோவை! தட்டி எழுதியவர், ஆணி அடித்தவர், கட்டணம் வாங்கியவர் மேடையில் இளநீர் குடித்துக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்ன மனிதரை, “ஏமாத்திட்டியே” என்று விரலை நீட்டி ஏசினார்கள். நடுவில் புகுந்து கத்தினேன். யார் கேட்கிறார்கள்? ஆரோக்கியம் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனார். ஸ்டெல்லா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மாலைக்குள் திரிஸ்னோவை அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். எனக்குத் திரும்பும் வண்டியும் ரத்து. ஷேர் ஜீப்பில் நாற்பது ரூபாய் கொடுத்து ஏற்காடு வந்து, ஏரிக்கரையில் ஒரு லாட்ஜில் தங்கினேன். சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஞாயிறு காலை எட்டு மணி. லாட்ஜ் வாசலில் அதே ஜீப். முன்னால் ஆரோக்கியம், பின்னால் மட்டைப்பையும் ஒரு பெட்டியுமாகத் திரிஸ்னோ.

“சேலத்துல எறக்கி உட்டுட்டு வரச் சொல்லிட்டாங்க. நீங்களும் வாங்க. நான் அவர ஒண்ணு கேக்கோணும். உங்கள உட்டா எனக்கு யாரு கேட்டுச் சொல்லுவாங்க?”

கோபம் என்றால் கோபம், ஆரோக்கியத்தின் மேலும்தான். இரண்டு வளைவு தாண்டியதும் அடக்க முடியாமல் கோலாலம்பூர் ஆட்டத்தைச் சொன்னேன். இருபதுக்குப் பத்தொன்பது, தூக்கிய கை, போன ஆட்டம் எல்லாவற்றையும். ஆரோக்கியம் வண்டியை ஓரம் கட்டினார்.

“அட சாமி! போன மாசம் சேலத்துல போட்டிங்க. ஸ்டெல்லா ஜெயிக்கற நேரம். நடுவரு அவளுக்குப் பாயிண்ட் குடுத்துட்டாரு. இவ கையத் தூக்கி, ‘எம்பேட்டுல பட்டுருச்சுங்க’ங்கறா! தோத்துட்டா. பொழைக்கத் தெரியாத புள்ளன்னு நொம்பத் திட்டிப்புட்டேனுங்க, பஸ்ல எல்லாரு முன்னாடியும். நான் கேக்க நெனச்சதே இதானுங்க, இத சொல்லிக் குடுத்தது இவருதானான்னு கேளுங்க.”

கேட்டேன். திரிஸ்னோவுக்கு அந்தப் போட்டியில் இப்படி நடந்ததே தெரிந்திருக்கவில்லை. அப்பாவிடம் வாங்கிய திட்டில் அவள் இவரிடம் மூச்சு விடவில்லை போலும். “நான் அதைச் சொல்லித் தரவில்லை. பயிற்சியில் மட்டையில் பட்டால் நான் கையைத் தூக்குவேன், அவ்வளவுதான்” என்றவர், “ஸ்டெல்லாவா? எங்கள் ஸ்டெல்லாவா?” என்று இரண்டு முறை கேட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

பதினேழாவது வளைவில் ஏணி போட்டு இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒரே நாளில் என்ன சுறுசுறுப்பு! தட்டியில் திரிஸ்னோவின் முகத்தின் மேலும் பெயரின் மேலும் வெள்ளைக் காகிதம் ஒட்டியாயிற்று. உலக சாம்பியன் என்ற எழுத்து மட்டும் அப்படியே இருந்தது. அடுத்து வருகிறவருக்கு ஆகும் அல்லவா? வண்டியை நிறுத்தச் சொன்னேன். இறங்கிப் போய் அதைக் கிழித்துப் போடுகிறேன் என்று கதவைத் திறந்தேன். திரிஸ்னோ தடுத்தார்.

“இப்போது என்ன எழுதியிருக்கிறது, இபு?”

“உலக சாம்பியன் என்று இருக்கிறது. நீங்கள் இல்லை.”

அந்த வெள்ளைக் காகிதத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “பெத்துல்” என்றார். சரியாக இருக்கிறது என்று அர்த்தம்.

அடிவாரம் வந்தது. டீக்கடையைத் தாண்டினால் சேலம் சாலை, அங்கிருந்து சென்னை, விமானம், எல்லாம் முடிந்தது. ஆரோக்கியம் சாலையில் வண்டியை விடவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே என்னிடம் சொன்னார்.

“அவரு அந்தப் பள்ளிக்கூடத்துலதான் இருக்கோணும்னு இல்லீங்களே. எங்க ஊட்டுல ஒரு ரூம்பு இருக்குது. சர்ச்சு மைதானத்துல ஒரு வலை கட்ட முடியாதுங்களா? கேளுங்க. நாளைக்குக் காலைல அஞ்சு மணிக்கு ஸ்டெல்லா எங்க வரோணும்னு கேளுங்க.”

அதை நான் ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன்.