காயத்ரி ஆல்பத்தில் மோசஸ்

என் கொழுந்தன் ரஞ்சித்குமாருக்குப் பாட வராது. எந்த வாத்தியமும் வாசிக்க வராது. ஆனாலும் மாமல்லபுரத்தில் ஒரு பங்க் ராக் கோஷ்டி இருந்தது என்று இன்றைக்கு நாலு பேருக்குத் தெரிகிறதென்றால் அதற்கு அவன்தான் காரணம்.

தொண்ணூற்றைந்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்சந்தில் ஒரு போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தான். மாடி ரூமில் தங்கியிருந்த வெள்ளைக்காரன் ஒருவன் ஊருக்குப் போகும்போது ஒரு கேசட்டை மறந்து விட்டுப் போனான். இவன் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டான். மிக்சிக்குள் ஸ்பூன் விழுந்த மாதிரி இருந்தது.

"இன்னாடா இது, யாரையாவது போட்டு அடிச்சிகினு கீறாங்களா?"

"பாட்டு அண்ணி. இத்துக்குப் பேரு பங்க்கு. பாடத் தெரியணும்னு இல்ல, வாசிக்கத் தெரியணும்னு இல்ல. வயித்தெரிச்சல் இருந்தா போதும்."

"அப்ப நானே பாடுவேன். கேசு புக் பண்ணி ஒன்ற மாசம் ஆவுது, இன்னும் சிலிண்டர் வரல."

"அதான் அண்ணி பங்க்கு!" என்று குதித்தான்.

அந்தக் கேசட்டைக் கேட்டுக் கெட்டவர்கள் இன்னும் மூன்று பேர். சிற்பக் கூடத்தில் கல்லுக்குப் பாலிஷ் போடும் மோசஸ் பாடுவான். செங்கல்பட்டு வாத்தியார் மகன் பத்ரி கிடார். சர்ச்சில் டிரம் அடிக்கும் ஞானதாஸ் இங்கேயும் டிரம். நிற்காமல் போகிற பஸ், தண்ணீர் வராத குழாய், சேலையை மாற்றிக் கொடுக்காத கடைக்காரன், எல்லாவற்றின் மேலும் பாட்டு. கடைசியாகச் சொன்னது நான் புலம்பிய விஷயம். மோசஸ் அதை அப்படியே பாட்டாக்கிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சிற்பக் கூடத்தில் வாசிப்பார்கள். அந்தத் தெருவில் யாரும் சண்டைக்கு வரவில்லை. வாரம் முழுக்க உளிச் சத்தத்தில் இருக்கிற காதுகளுக்கு இது ஒரு பொருட்டில்லை.

ரஞ்சித் படம் எடுத்தான். எழுதினான். 'பேஜாரு' என்று பேர் வைத்து நாலு பக்கப் பத்திரிகை. செங்கல்பட்டில் ஜெராக்ஸ் போட்டு டீக்கடையில் வைப்பான். அன்றைக்கு யார் வந்தார்கள், எந்தக் கம்பி அறுந்தது, மோசஸ் யாரைத் திட்டினான், எல்லாம் அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு மதுராந்தகத்திலிருந்தும் நெம்மேலியிலிருந்தும் ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பத்துப் பேர், பதினைந்து பேர். வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுத்தனுப்பியவள் நான்தான். பாராட்டெல்லாம் ரஞ்சித்துக்கு.

படம் எடுக்க அவன் தனியாக ஃபிலிம் வாங்கியதில்லை. கல்யாணம் எடுக்கப் போனால் ஒரு ரோலின் முப்பத்தாறு படமும் தீராது. கடைசி ரோலில் ஆறேழு மிஞ்சும். அதைத் தீர்க்காமல் லேபுக்கு அனுப்ப முடியாது. பெண் வீட்டுக்காரர்களோ ஒரு வாரத்துக்குள் படம் கேட்பார்கள். அதனால் மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை மோசஸ் மேல் தீர்த்துவிட்டு அனுப்புவான். லேபுக்காரன் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டு ஒரே கவரில் தருவான். தாலி கட்டுகிற படத்துக்கு அடுத்த படம், மோசஸ் வாயைப் பிளந்துகொண்டு நிற்பது.

ஆல்பம் ஒட்டுவது என் வேலை. கடலோர ஊரில் பெரிய படம் ஒட்டினால் ஒரு மாதத்தில் அப்பளம் மாதிரி வளையும். அதனால் முதல் பக்கத்தில் வரும் பெண் மாப்பிள்ளை படத்துக்குப் பின்னால் வேண்டாத சின்னப் படம் நாலை மைதாப் பசையில் வைத்து ஒட்டிவிடுவேன். விறைப்பாக நிற்கும். கண் மூடின படம், கேமரா ஆடின படம், அப்புறம் இந்தக் கத்துகிற பையன்கள் படம். எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஒரு தடவை ரஞ்சித் கேட்டான். "அண்ணி, இந்தக் கவர்ல மோசஸ் படம் இருந்துதே?"

"லேப்ல குடுக்கலடா" என்றேன். அப்போதுதான் பசை காய்ந்துகொண்டிருந்தது.

"பரவால்ல, நெகட்டிவ் கீது" என்று போய்விட்டான்.

இரண்டாயிரத்து மூன்றில் ஈ.சி.ஆர். ரோட்டில் லாரி மோதி மோசஸ் போய்விட்டான். அதோடு கோஷ்டி முடிந்தது. அடுத்த வருஷம் டிசம்பரில் கடல் ஸ்டூடியோவுக்குள் வந்தது. நெகட்டிவ், பிரிண்ட் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கருவாட்டுக் கட்டாகிவிட்டது. நாங்கள் செங்கல்பட்டுக்குக் குடிபோனோம், ரஞ்சித் அங்கே ஒரு லேபில் வேலைக்குச் சேர்ந்தான். ஆனால் ஞாயிறு மதியமானால் வண்டியை எடுத்துக்கொண்டு மாமல்லபுரம் போவான். பூட்டியிருக்கிற கூடத்தின் எதிரே ஒரு டீ குடித்துவிட்டு வருவான். நான் திட்டுவேன். பெட்ரோல் என்ன, வெயில் என்ன என்று. அடுத்த ஞாயிறும் போவான்.

இரண்டாயிரத்து எட்டில் பத்ரி பெங்களூரிலிருந்து போன் செய்தான். மோசஸ் போய் ஐந்து வருஷம். பழைய ஆட்களெல்லாம் ஒரு ஞாயிறு கூடலாம், பேஜாரு கடைசியாக ஒன்று போடு என்றான். ரஞ்சித் பழைய இதழ்களை எல்லாம் பாயில் பரப்பினான். எழுத்து இருந்தது. ஜெராக்ஸ் எடுத்த முகங்கள் வெறும் மைத்திட்டு. மோசஸ் முகம் ஒன்றுகூட உருப்படியாக இல்லை.

"ஒன்னே ஒன்னு எட்தேன் அண்ணி, லேப்ல குடுக்கலன்னு சொன்னியே, அது. வாய மூடிகினு சிரிச்சான். அவன் சிரிச்ச ஒரே போட்டோ. மூஞ்சியே மறந்து பூடும் போலக்கீது எனக்கு."

எனக்கு மறக்கவில்லை. இவனுக்குச் சிரிக்கக்கூடத் தெரியுமா என்று நினைத்துக்கொண்டுதான் அதன் மேல் பசையைத் தடவினேன். மூன்றாம் நாள் அவன் தட்டில் சாம்பார் ஊற்றும்போது சொன்னேன்.

"அந்தப் படம் சிங்கப்பெருமாள் கோயில் ஊர்ல கீதுடா. நீ போட்டோ எட்தியே, அந்தக் காயத்ரி கல்யாண ஆல்பத்துல. மொதப் படத்துக்குப் பின்னால. நான்தான் வெச்சி ஒட்னேன்."

கத்துவான் என்று பார்த்தேன். தட்டைத் தள்ளி வைத்தான்.

"பத்து வருசமாவா அண்ணி?"

"துண்ணுட்டு கெளம்பு. நானும் வரேன்."

அவள் வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் காயத்ரி சிரித்துவிட்டாள். அவள் மாமியார் எல்லம்மாள் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா சொல்ற? பத்து வருசமா எம்மருமவ முதுவுக்குப் பின்னால எவனோ குந்திகினு இருந்தானா? கல்யாணப் படத்தப் பிக்கிறதாவது, அபசகுனம்!"

"செத்துட்டாம்மா அந்தப் புள்ள" என்றேன். "சிரிச்ச படம் வேற கெடையாது."

எல்லம்மாள் கொஞ்ச நேரம் ஆல்பத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். "பிக்காம எடுப்பியா?" என்றாள்.

"மொதல்ல இந்தப் படத்த நான் படம் எட்துக்கறேம்மா. கிழிஞ்சா புச்சா போட்டுத் தரேன்" என்றான் ரஞ்சித்.

"கிழிஞ்சா கிழியட்டும்ணே. அதுல நான் அழுத மூஞ்சியாத்தான் கீறேன்" என்றாள் காயத்ரி.

அவள் அடுக்களையில் இட்லிக் குண்டானைக் கேட்டு வாங்கி அடுப்பில் ஏற்றினேன். தண்ணீர் கொதித்ததும் அந்தப் பக்கத்தை ஆவியில் காட்டினேன். மைதாப் பசை இளகும் என்று எனக்குத் தெரியும். பெரிய படம் சுளுவாக வந்தது. அதன் கீழே நாலு சின்னப் படம், முகம் அட்டையைப் பார்க்க ஒட்டியிருந்தது. முதலில் உரிந்து வந்த மூன்றும் கிடார், டிரம், யாரோ ஒருவர் கால். நாலாவதை நகத்தால் ஓரம் கிளப்பினேன்.

"மெதுவா அண்ணி, மெதுவா."

மெதுவாகத்தான் இழுத்தேன். தாடை வந்தது. சிரிப்பு வந்தது. மூக்குக்கு மேலே படத்தின் தோல் உரிந்து அட்டையோடேயே நின்றுவிட்டது. மறுபடியும் ஆவி காட்டினேன். கருப்பு அட்டையில் கூழாகக் கரைய ஆரம்பித்தது. ரஞ்சித் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வுட்ரு அண்ணி. அங்கியே இருக்கட்டும்."

பெரிய படத்தை அதன் மேலேயே ஒட்டிக் கொடுத்தேன். இந்தத் தடவை வேறு எதுவும் வைக்கவில்லை. எல்லம்மாள் ஆல்பத்தை வாங்கிக்கொண்டு, "பத்தரமா வெச்சிக்கறேம்பா" என்றாள் ரஞ்சித்திடம்.

கடைசி பேஜாரின் முதல் பக்கத்தில் அந்தப் பாதி முகம் வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை சாவி வாங்கித் திறந்த சிற்பக் கூடத்துக்குப் பதினொரு பேர் வந்தார்கள். தொப்பையும் வழுக்கையுமாக. பத்ரி இதழைக் கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தான்.

"கண்ணு எங்கடா?"

"சிங்கப்பெருமாள் கோயில்ல கீது" என்றான் ரஞ்சித்.

யாரும் சிரிக்கவில்லை. பத்ரி கிடாரை எடுத்தான். ஞானதாஸ் ஒரு கவிழ்த்த பக்கெட்டை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான். சேலைக்கடைப் பாட்டு. எனக்கு அது எப்போதும் பிடித்ததில்லை. நான் டீ டம்ளர்களை அடுக்கிக்கொண்டே மோசஸ் கத்தத் தொடங்குகிற இடத்துக்காகக் காத்திருந்தேன். அந்த இடம் வந்தது. அவர்கள் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். யாரும் பாடவில்லை.