மாமா கொண்டுவந்த பாஸ்

கோயம்புத்தூரில் செல்போன் கடையில் வேலை பார்த்த என் மாமா, அம்மாவின் தம்பி, ஒரு பொங்கலுக்குக் கொடைக்கானல் மலைமேல் இருக்கும் எங்கள் கவுஞ்சிக்கு வந்தபோது இரண்டு பொருள் கொண்டுவந்தார். ஒன்று மைசூர்பாகு. இன்னொன்று ‘பாஸ்’ என்ற சொல். மைசூர்பாகு அன்றைக்கே தீர்ந்துவிட்டது.

கோயம்புத்தூரில் கடைக்காரரை, கண்டக்டரை, வழி கேட்கிறவரை, எல்லோரையும் பாஸ் என்றுதான் கூப்பிடுவார்களாம். அங்கே யாரும் யாருக்கும் கீழே இல்லையாம். “இன்னும் எத்தன நாளைக்கு மொதலாளி மொதலாளின்னு குனிஞ்சே கெடப்பீங்க?” என்று மாமா கேட்டது என் அப்பாவைத்தான். ஆனால் அப்பா எழுந்து வெளியே போன பிறகு கேட்டார். மாமாவின் வீரம் அவ்வளவுதான்.

அப்பா ஜீப் ஓட்டினார். ஜீப் அவருடையதில்லை, கொடைக்கானலில் லாட்ஜ் வைத்திருந்த ஒருவருடையது. சுற்றிப்பார்க்க வருகிறவர்களை மன்னவனூர்வரை கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுவது அப்பாவின் சோலி. சாயங்காலமானால் சாவியை லாட்ஜில் கொடுத்துவிட்டு பஸ்ஸில் வீட்டுக்கு வருவார். அந்தத் தை மாதம் மட்டும் ஜீப் எங்கள் வாசலில் நின்றது. அம்மாவுக்கு அப்போது ஒன்பதாம் மாதம். இரண்டு வருடத்துக்கு முன்னால் பிரசவ வலியோடு பஸ்ஸுக்குக் காத்திருந்தே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் என் பெற்றோர். அப்பா போய்க் கேட்டார். பிரசவம் முடிகிறவரை வண்டியை வீட்டிலேயே வைத்துக்கொள் என்று முதலாளி சொல்லிவிட்டார்.

அந்த வாரம் நான் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளை, கேரட் மூட்டை ஏற்ற வந்த லாரிக்காரரை, எங்கள் கன்றுக்குட்டியை, எல்லாரையும் பாஸ் என்றே கூப்பிட்டேன். கன்றுக்குட்டி ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதலாளியே காரில் வந்து இறங்கினார். மன்னவனூருக்கு விருந்தாளிகளைக் கூட்டிவந்தவர், அப்படியே சும்மா எட்டிப் பார்த்தாராம். அப்பா அந்தக் குளிரிலும் கம்பளிக் குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முதலாளியைப் பார்த்தால் அவர் எப்போதும் அப்படித்தான். அம்மா டீ கொடுத்து அனுப்பினாள். நான் டம்ளரை நீட்டி, “பாஸ், டீ குடிங்க” என்றேன்.

அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, ஜீப்பைப் பார்த்தார்.

முதலாளி சிரித்துவிட்டார். “அட, இது நல்லாருக்கே! ஏப்பா, இனிமே நீயும் என்னைய அப்படியே கூப்பிடு. மொதலாளின்னா என்னமோ கெழவனக் கூப்பிடுற மாதிரி இருக்கு.”

அப்பா குல்லாவை மார்போடு சேர்த்துக்கொண்டு சொன்னார்: “சரிங்க மொதலாளி.”

முதலாளி இன்னும் பெரிதாகச் சிரித்து, டீயைக் குடித்துவிட்டுப் போனார். எனக்கு அவமானமாக இருந்தது. அவ்வளவு நேரமும் பின்கட்டில் இருந்த மாமா, கார் போன பிறகு வந்து, “ஒங்கப்பா திருந்த மாட்டாரு புள்ள” என்றார். நானும் அதை நம்பினேன்.

இப்போது நான் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். அகராதியில் அந்தச் சொல்லைத் தேடிப் பார்த்தேன். டச்சு மொழியிலிருந்து அமெரிக்காவுக்குப் போன சொல் அது. எஜமான் என்று ஒருவரைக் கூப்பிடக் கூசிய அங்கத்து வேலைக்காரர்கள் அதற்குப் பதிலாகப் பிடித்துக்கொண்டார்களாம். முதலில் அதற்கு மாமா, சித்தப்பா என்கிற மாதிரி ஒரு பொருள் இருந்திருக்கலாம் என்று ஓர் ஊகம்கூட உண்டு. உறுதியில்லை என்பதால் மாமாவிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் அவரைப் பிடிக்க முடியாது.

முதலாளி வந்துபோன பத்தாம் நாள், வெள்ளனே அம்மாவுக்கு வலி எடுத்தது. ஜீப் வாசலில்தான் நின்றது. நானும் ஏறிக்கொண்டேன். மேகம் இறங்கி ரோடு தெரியாத மலைப்பாதையில் அப்பா ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் தம்பி பிறந்தான். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் தாயும் பிள்ளையும் இரண்டு பேருமே பிழைத்திருக்க மாட்டார்கள் என்று நர்ஸ் அப்பாவைத் திட்டினார். அப்பா முதல் போனை முதலாளிக்குப் போட்டார். “பையன் மொதலாளி” என்றபோது, போனில்கூட குல்லாவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். நான் முகத்தைச் சுளித்தேன்.

அம்மாவையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு திரும்பி வருகையில் கேட்டேவிட்டேன். அவரே சொன்ன பிறகும் ஏன் பாஸ் என்று கூப்பிடவில்லை?

அப்பா ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: “பாஸ்னு கூப்பிட்டுட்டா, அப்புறம் வண்டியக் குடுங்கன்னு எப்படித்தா கேக்குறது?”

வீட்டுக்கு வந்ததும், பிரசவத்துக்காக லீவை நீட்டித் தங்கியிருந்த மாமாவிடம் இதைச் சொன்னேன். இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. மடியில் கிடந்த தம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.