இல்லாத அக்காவின் கவுன்

மனநல மருத்துவம் படித்துவிட்டு அந்த ஆஸ்பத்திரியில் சேர்ந்த டாக்டரம்மாவுக்கு மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை கொடுத்தார்கள். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும். யாரும் கேட்காத வேலைக்கு யாரும் கேட்காத அறை, கணக்கு சரிதான். ஆணென்று வளர்க்கப்பட்ட பெண்களும் பெண்ணென்று வளர்க்கப்பட்ட ஆண்களும் அங்கே வருவார்கள். டாக்டரம்மா ஒப்புதல் கையெழுத்துப் போட்டால்தான் பாலின மாற்று அறுவை சிகிச்சை. "ஒருத்தர் தான் யாருன்னு சொல்றதுக்கு நான் சாட்சியாம்" என்று வீட்டில் கணவரிடம் புலம்பாத நாளில்லை. ஆனாலும் வேலையை விட்டுவிட்டு ஓடவில்லை.

பேராசிரியர் கற்றுக்கொடுத்தபடி முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "சின்ன வயசுல இது எப்படித் தெரிஞ்சுது?" வந்த பெண்களெல்லாம் ஐந்து வயதில் அக்காவின் கவுனைத் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்திருந்தார்கள். வருடக்கணக்காக அதே கவுன். டாக்டரம்மாவும் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். அதை ஆராய்ச்சி முடிவென்று நம்பி ஒரு மாநாட்டில் கட்டுரைகூட வாசித்துவிட்டு வந்தார், போங்கள்.

அப்படி இருக்கும்போதுதான் வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி தன் அம்மாவோடு வந்தாள். அடுத்த மாதம் அறுவை சிகிச்சைக்கு இடம் கிடைத்திருந்தது. தவறவிட்டால் மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது. கேள்வி முடியுமுன்பே ஒரே மூச்சில் ஒப்பித்தாள்: "அஞ்சு வயசுல அக்காவோட கவுனை எடுத்துப் போட்டுக்கிட்டேன் டாக்டர்."

அம்மா திரும்பிப் பார்த்தார். "உனக்கு ஏதுடா அக்கா?"

வெல்டருக்கு முகம் வெளிறிப்போனது. "வெளியில ஒருத்தங்க, இப்படிச் சொன்னாத்தான் கையெழுத்து கிடைக்கும்னாங்க டாக்டர். இனிமே கிடைக்காதா?"

டாக்டரம்மாவுக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகுதான், ஒரே பதிலுக்குத் தலையாட்டித் தலையாட்டி இவர்களைப் பொய் சொல்லப் பழக்கியது தானேதான் என்று உறைத்தது. பேனாவை மூடி வைத்தார்.

"கவுனை விடும்மா. உன்னோடதைச் சொல்லு."

"என்னோடது சப்புன்னு இருக்கும் டாக்டர். வெல்டிங் பண்றப்ப முகத்துக்கு மூடி போடுவோம். உள்ள இருக்கிற என்னை யாரும் பார்க்க முடியாது. அந்த நேரம் மட்டும் நடிக்க வேண்டியதில்ல. அதனால சாப்பாட்டு நேரத்துலகூட கழட்ட மாட்டேன். முதலாளி என்னைப் பெரிய உழைப்பாளின்னு நினைச்சுக்கிட்டு இருக்காரு."

அம்மா மகளின் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். டாக்டரம்மா கையெழுத்துப் போட்டார்.

பேராசிரியரின் கேள்வியை அன்றே மூட்டை கட்டியவர், ஓய்வு பெறும்வரை அதை அவிழ்க்கவில்லை. பிறகு அந்த அறைக்கு வந்த கதைகளில் ஒன்றைப் போல இன்னொன்று இருந்ததில்லை.

அன்று வெல்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போனதைப் பார்த்துவிட்டு, கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள் 'டியூஷன்'. அழகு நிலையம் நடத்துகிறவள். தன் சிகிச்சை முடிந்து வருடங்கள் ஆகியும், புதிதாக வருகிறவர்களுக்குத் துணையாக வராந்தாவில் உட்கார்ந்திருப்பாள். அவளுக்கு ஏன் அந்தப் பட்டப்பெயர் என்பது டாக்டரம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது.

"அந்தப் பொண்ணைத் திருப்பி அனுப்பிடாதீங்க டாக்டர். அக்கா இருக்காளான்னுகூட விசாரிக்காம சொல்லிக்கொடுத்தது என் தப்பு. எனக்குப் பலிச்சுது, அவளுக்கும் பலிக்கும்னு நினைச்சேன்."

"கையெழுத்து போட்டாச்சு. உங்களுக்காவது அக்கா உண்டா?"

டியூஷன் விட்டத்தைப் பார்த்தாள். "நாலு அண்ணனுங்க."

இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சிரித்து ஓய்ந்ததும் டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அப்போ உங்க கதை?"

எத்தனையோ பேருக்குப் பாடம் எடுத்தவள், நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"எங்க இருந்து ஆரம்பிக்கணும் டாக்டர்?" என்று கேட்டாள்.