பதிவுத் தபாலில் அனுப்பிய இரக்கம்

"31.12.2006, ஞாயிறு. ஆராதனைக்குப் பின் ஒரு தாய் வந்து ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டார். நடக்காததை எழுத முடியாது என்று விளக்கினேன். ஏற்றுக்கொண்டார்."

என் குறிப்புப் புத்தகத்தில் உள்ள வரிகள் இவை. கையெழுத்து மிக அழகாக இருக்கிறது. கடைசிச் சொல் பொய். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை, அழுதார். அதை நான் எழுதவில்லை.

2004 டிசம்பர் 26 அன்று கல்முனையில் எங்கள் சிறிய தேவாலயத்துக்குள் கடல் புகுந்தபோது ஞானஸ்நானப் பதிவேடும் நனைந்து போனது. ஆசிரிய வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த நான், ஒரு வருடம் உட்கார்ந்து அதைப் புதிதாக எழுதினேன். மை கலைந்த ஒவ்வொரு வரிக்கும் இரண்டு சாட்சிகள் வேண்டும் என்பது நானே போட்ட விதி. சபையில் எல்லோரும் மெச்சினார்கள். எனக்கும் அது பிடித்திருந்தது.

அந்தத் தாய் பாண்டிருப்பைச் சேர்ந்த சைவப் பெண். எங்கள் சபையைச் சேர்ந்த கணவர் சுனாமியில் போய்விட்டார். மகளுக்குப் பதினாறு வயது; நெற்றியில் சுனாமி அன்று பட்ட காயத்தின் தழும்பு. பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுக்காமலே விட்டிருந்தார்கள். ஆயுதம் வைத்திருந்தவர்கள் வீடு வீடாக வந்து சண்டைக்குப் பிள்ளைகளைக் கேட்ட காலம் அது. இவர் வீட்டுக்கும் ஒரு முறை வந்து போயிருந்தார்கள். மலைநாட்டில் மிஷன் நடத்திய ஒரு பெண்கள் விடுதியில் சேர்த்துவிட்டால் பிள்ளை தப்பிவிடும். ஆனால் சபைப் பிள்ளைகளைத்தான் அங்கே எடுப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

"சேர், கடல் அழிச்ச வரி எத்தின கிடக்கு. அதில ஒண்டில என்ட புள்ளட பேர எழுதினா ஆருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். கடவுளுக்குத் தெரியும்" என்றேன். இதைச் சொன்ன வாயை இப்போது நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

அவரை ஏற்றி வந்த வேன்காரர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கல்முனை முஸ்லிம். சுனாமி அன்று அந்தப் பிள்ளையின் தகப்பன்தான் இவருடைய உம்மாவைத் தூக்கி ஒரு கூரையில் ஏற்றினார். அடுத்த ஆளைத் தூக்கப் போனவர் திரும்பவில்லை.

"ஒண்டும் எழுதத் தேவல்ல சேர்" என்றார் வேன்காரர். "என்ட மகள்ட ஹபாயா ஒண்டப் போட்டு, மகளெண்டு சொல்லி நாளைக்கே நான் கொண்டு போறன். ஹஜ்ஜுப் பெருநாளைக்குச் சொந்தக்காரர் ஊட்ட போறமெண்டா ஆரு கேக்கிற?"

"செக்பொயின்ற்ல அடையாள அட்டை கேட்டா? பிடிபட்டா உங்கட குடும்பமும் சேர்ந்துதான் அழியும். நான் விடுதித் தலைவிக்கு உள்ளத உள்ளபடி எழுதிக் கேக்கிறன். பதில் வந்ததும் நானே கூட்டிக்கொண்டு போறன்."

நியாயமான பேச்சு. இன்றைக்கும் அதில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க முடியாது. என் ஆத்திரமே அதுதான்.

"கடிதம் போய் வருமட்டும் அவனுகள் பாத்துக்கிட்டு நிப்பானுகளா? உங்கட ஆண்டவர் திகதி பாத்துத்தான் புள்ளயக் காப்பாத்துவாரா சேர்?"

தாய்தான் அழுதுகொண்டே அவரை அடக்கினார். "சும்மா இரிங்க. சேர் படிச்ச மனிசன். அவர் சொல்ற மாதிரியே செய்வம்."

பெருநாள் விடுமுறை கழிந்து செவ்வாய்க்கிழமை கடிதம் எழுதினேன். ஓர் இடத்தில் அடித்தல் விழுந்ததால் முழுவதையும் திரும்ப எழுதினேன். பதிவுத் தபாலில் சேர்த்து, பற்றுச்சீட்டைக் குறிப்புப் புத்தகத்தில் ஒட்டினேன். தபால் கந்தோருக்கு இரண்டு கடை தள்ளி, தொலைபேசி எடுக்கும் கடை திறந்திருந்தது. அதைக் கடந்துதான் வீட்டுக்கு நடந்தேன். முக்கியமான காரியம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது என் பழக்கம்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்த கையோடு வேன்காரர் வந்தார். வாசல் படலைக்குள் கால் வைக்கவில்லை.

"விடியத் தண்ணி அள்ளப் போன புள்ளயக் கொண்டு போய்ட்டானுகள் சேர். எழுதி வைங்க."

எழுதி வைத்தேன். நேரம் உட்பட.

அடுத்த வாரம் விடுதித் தலைவியின் பதில் வந்தது. பிள்ளையை உடனே அனுப்பும்படியும், சான்றிதழ் எதுவும் தேவையில்லை என்றும் எழுதியிருந்தார். கீழே ஒரு வரி: தொலைபேசியில் கேட்டிருக்கலாமே.

பல ஊர்ச் சபைகளைப் பார்த்துக்கொண்ட எங்கள் போதகர் அதற்குப் பிறகுதான் வந்தார். நடந்ததைச் சொல்லி, "ஆனா பொய் எழுதேல்ல ஐயா" என்றேன். ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அந்த மனிதர் மேசையில் அடித்துக் கத்தினார்.

"பிள்ளைகளக் காப்பாத்த மன்னனிட்டப் பொய் சொன்ன மருத்துவச்சிகளுக்குக் கடவுள் நன்மை செய்தார் எண்டு ஞாயிறு பள்ளியில படிப்பிக்கிறது நீங்கதானே? நானெண்டா எழுதியிருப்பனோ தெரியா. ஆனா முதல்ல அந்தப் பிள்ளையக் கூட்டி வந்து இந்த மிஷன் வீட்டுக்குள்ள வச்சிருப்பன். எழுதுறதா இல்லையா எண்டு பிறகு சண்டை பிடிச்சிருக்கலாம்!"

அந்த வழி எனக்குத் தோன்றவே இல்லை. எழுதுவதா, மறுப்பதா என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிட்டேன். அறிவோடு நடந்ததாக நினைத்துக்கொண்டேன். இரக்கம் கொஞ்சம் உதைத்திருந்தால் அந்த அறிவு எழுந்து தொலைபேசிக் கடைக்காவது போயிருக்கும். ஓய்வுநாளில் ஆண்டவர் நோயாளியைச் சுகமாக்கியபோது விதியைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களை எத்தனை வகுப்புகளில் பழித்திருக்கிறேன்!

இன்னொன்றையும் சொல்லத்தான் வேண்டும். வெளிநாடு போகவிருந்த ஒரு சபை மூப்பரின் மகனுக்கு, தகப்பன் வாயால் சொன்ன திகதியை ஒரு சாட்சியும் இல்லாமல் அதே பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். கடவுளுக்குத் தெரியும் என்று அவரிடம் நான் சொல்லவில்லை.

2009 மே மாதம் யுத்தம் முடிந்தது. சரணடைந்தவர், இறந்தவர் என்று எந்தப் பட்டியலிலும் அந்தப் பிள்ளையின் பெயர் இல்லை. அடுத்த வருடம், வவுனியாப் பக்கம் ஒரு தையல் கடையில் அந்தப் பிள்ளையைப் போல ஒருத்தியைக் கண்டதாக ஒரு துணி வியாபாரி வேன்காரரிடம் சொல்லியிருக்கிறார். நெற்றியில் சுனாமித் தழும்பும் இருந்ததாம். வேன்காரர் என்னிடம் வந்து சொன்னார். இருவரும் நேரே சவளக்கடைக்குப் போனோம். தாய் அங்கே தம்பி வீட்டில் இருந்தார்.

"உறுதியோ சேர்?"

"உறுதியில்ல. வேன் வெளியில நிக்குது. வாங்க."

வேன்காரர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பற்றுச்சீட்டு எடுத்தீங்களா சேர்?" என்று கேட்டார். அந்த அடி எனக்கு வேண்டியதுதான்.

கடை பூட்டியிருந்தது. அங்கே தைத்த பெண் போன மாதமே எங்கோ போய்விட்டதாகப் பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். தாய் கொண்டுவந்த மகளின் படத்தை அவர் வெகுநேரம் பார்த்துவிட்டு, "இருக்கலாம்" என்றார்.

உறுதியில்லாத ஒரு செய்தியை நம்பி நான் வீட்டைவிட்டுக் கிளம்பியது அன்றுதான் முதல் தடவை. நாலு வருடம் முந்திக் கிளம்பியிருக்க வேண்டியவன் என்ற கோபம் இன்னும் ஆறவில்லை. அன்றைய குறிப்பில் இப்படி இருக்கிறது: "திரும்பும் வழியெல்லாம் தாய் அழுதார். அந்தப் பெண் அவருடைய மகள்தானா என்பது இன்னும் உறுதிப்படவில்லை."