அத்தான் இறுக்கிய கியர்

போன கிழமை மருமகன் தன் காரை வாசலில் நிறுத்திவிட்டு, "மாமா, கியர் மவுண்டிங் புதுசு போட்டிருக்கன். ஒருக்கா ஓடிப் பாருங்க, வெண்ணெய் மாதிரி விழும்" என்றான். கத்தாரில் உழைத்து வாங்கிய கார், பிள்ளைக்குச் சந்தோசம். எனக்கோ மவுண்டிங் என்ற சொல்லைக் கேட்டதுமே எரிச்சல் வந்தது. கதவைத் திறந்தால் புது ரப்பர் மணம். எனக்கு அறவே ஆகாத மணம் அது.

தன்னாமுனையிலிருந்து களுதாவளைப் பிள்ளையாரிடம் போவதாக ஏற்பாடு. அவனுடைய தாய், என் அக்கா, பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். முதலாம் கியரில் கிளப்பி இரண்டாவதுக்கு மாற்றும்போது என் இடக்கை தானாகவே கியர்க் கோலைத் தூக்கி, பக்கத்திலிருந்த மருமகனின் முழங்காலில் கொண்டுபோய் இடித்தது.

"என்ன மாமா, கியரப் புடுங்கவா பாக்கிறீங்க?"

புடுங்கத்தான் வேண்டும். ஏன் என்று கேளுங்கள்.

எனக்கும் ஒரு கார் இருந்தது. கிழட்டு இங்கிலீசுக் கார். அதை வைத்து, வாடகைக்கு ஆளேற்றி ஹயர் ஓடித்தான் சாப்பிட்டேன். வேறு காணியோ கடையோ எனக்கில்லை. அதன் கியர்க் கோலைப் பிடித்து நிற்கும் மவுண்டிங் ரப்பர் எப்போதோ செத்துப்போயிருந்தது. கோல் நின்ற இடத்திலேயே ஆடிக்கொண்டிருக்கும். இரண்டாம் கியர் விழ வேண்டுமென்றால் கோலைத் தூக்கி, முன் சீட்டில் இருப்பவரின் முழங்கால் பக்கம் தள்ளி, பிறகு கீழே இழுக்க வேண்டும். ஏறாவூர்ப் புடவைக்கடை முதலாளி ஒருவர் எஞ்சின் சத்தத்தைக் கேட்டே காலை ஒதுக்கிக்கொள்வார். "தம்பி, ரெண்டாவது வருது போல" என்பார். தங்கமான மனிசன்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் வாகனம் வைத்திருப்பதில் ஒரு சூட்சுமம் இருந்தது. எதையாவது திருத்தாமல் விட்டுவைப்போம். ஒருவர் பிரேக்கை மூன்று தரம் மிதித்தால்தான் பிடிக்குமாறு வைத்திருந்தார். இன்னொருவரின் வேன் தள்ளாமல் கிளம்பாது. காரணம், இரவல் கேட்டு வருபவர்கள். துவக்குத் தோளில் கிடக்க, "அண்ணே, வாகனம் ஒருக்கா தேவைப்படுது" என்பார்கள். இன்றைக்கு ஒரு இயக்கத்தின் பெயரில் வருவார்கள், நாளைக்கு வேறு பெயரில். மாட்டேன் என்று சொல்ல யாருக்கு வாய் இருந்தது? என் காரில் ஏறி இழுத்துப் பார்ப்பார்கள். வாசலிலேயே துள்ளித் துள்ளி நின்றுவிடும். "சனியன் புடிச்ச கார். நீங்களே வாங்க" என்று என்னையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். நானும் மனதுக்குள் அவர்களின் ஏழு தலைமுறையையும் திட்டியபடி ஓடுவேன். ஆனால் பின்னேரம் காரோடு வீடு வந்துவிடுவேன். கார் எனக்கு மிஞ்சியது அந்தச் செத்த ரப்பரால்தான்.

அக்காவின் புருசனுக்கு இதைப் பொறுக்க முடியவில்லை. அத்தான் கராஜ்காரர், ஆடுகிற எதையும் இறுக்காவிட்டால் கை அரிக்கும். "மச்சான், வெக்கக்கேடா இருக்கு. ஒருநாள் வேலைடா" என்பார். "கை வச்சீங்களெண்டால் மறுகா அத்தானெண்டும் பாக்கமாட்டன்" என்று நான் சொல்லிவைத்திருந்தேன்.

பிறகு சுனாமியாகக் கடல் வந்தது. கரைப்பக்கத்து வாகனங்களையெல்லாம் சப்பித் துப்பிவிட்டுப் போனது. என் கார் கரையை விட்டு உள்ளே நின்றதால் தப்பியது. அன்று முழுக்க ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். யார் யாரைப் பின் சீட்டில் கிடத்தினேன் என்று இப்போதும் சொல்ல மாட்டேன். ஓடக்கூடிய வாகனம் அருமையாகிவிட்டதால் இரவல்காரரின் வரவும் கூடிவிட்டது.

நான் காய்ச்சலில் படுத்திருந்த நேரம் பார்த்து அத்தான் வேலையை முடித்துவிட்டார். கடல் அடித்துப் போட்ட லொறியொன்றின் எஞ்சின் மவுண்டிங்கை அறுத்து, காத்தான்குடி லேத்துக்கடையில் கடைந்த பித்தளைப் புஷ் வளையத்தை நடுவில் இறுக்கி, கோலை நட்டுவிட்டார். எழும்பி வந்து போட்டுப் பார்த்தேன். சிணுக்கென்று விழுந்தது. உண்மையைச் சொல்வதென்றால், அவ்வளவு சுகமான கியர் நான் போட்டதேயில்லை. அதற்காக அவர் கழுத்தை நெரிக்காமல் விட்டது என் நல்ல குணம்.

நான் பயந்தபடியே வந்தார்கள். ஒருவன் ஏறி ஒரு வட்டம் ஓடிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"நீங்க நில்லுங்க அண்ணே. பின்னேரம் கொண்டந்து தாறம்."

கார் வாவியைப் படகில் கடக்கும் மண்முனைத் துறைப் பக்கம் போனது. அந்தப் பின்னேரம் வரவேயில்லை.

சண்டை வாவிக்கு அக்கரையான படுவான்கரையை விட்டு வடக்கே போன பிறகு, கொக்கட்டிச்சோலைக்கு அங்கால் ஒரு வயல் வட்டையின் வரம்போரம் ஏதோ கார் கிடக்கிறது என்று நெல் வெட்டப் போனவர்கள் சொன்னார்கள். அத்தானும் நானும் போனோம். என்னுடையதுதான். கூரை இல்லை, முன் சீட்டுகள் இரண்டும் இல்லை. அத்தான் இறுக்கிய மவுண்டிங்கில் கியர்க் கோல் மட்டும் நேராக நின்றது. அவர் பிடித்து ஆட்டிப் பார்த்தார். ஆடவில்லை.

"கட்டிப் புடிச்சு அழுங்க, நல்ல வேலையெல்லோ" என்று கத்தினேன். அவர் முன் சீட்டுகள் இருந்த வெறும் இடத்தைப் பார்த்தார். அன்றிலிருந்து அவருடன் நான் கதைத்ததில்லை. போன வருடம் அவருடைய செத்தவீட்டிலும் தூரத்தில்தான் நின்றேன்.

இதையெல்லாம் ஓடிக்கொண்டே மருமகனுக்குச் சொல்லி, "உங்கப்பன் பாத்த வேலைடா மனே" என்று முடித்தேன். பின் சீட்டிலிருந்து அக்கா வெடித்தாள்.

"வாய மூடு! நான்தான் செய்யச் சொன்ன. உன்னக் கொண்டு போற நேரமெல்லாம் இஞ்ச நான் செத்துச் செத்துப் புழைச்சன். கார் அவனுகளுக்கே ஓடினா உன்ன விட்டிருவானுகள் எண்டு அவருக்கும் தெரியும்."

"பொறகு சொல்லியிருக்கலாமே?"

"சொல்லப் போனன். அவன் இருக்கிற முன் சீட்டே இல்லாமப் போன கதைய அவனுக்கு ஞாபகப்படுத்தாத எண்டு அவர்தான் மறிச்ச. கார்தான போச்செண்டு என்னோட கோவமா இருக்கட்டும் எண்டார்."

மண்முனைக்குத் திரும்பும் இடத்தில் காரை ஓரம் கட்டினேன். மண்முனையில் இப்போது பாலம் இருக்கிறது. வாகனங்களை ஏற்றிப்போன பாதைப் படகு இல்லை. இரவல் கேட்டு வாசலில் நிற்பவர்கள் இல்லை. இரண்டாம் கியருக்குக் கால் ஒதுக்கும் முதலாளியும் மௌத்தாகிவிட்டார். எனக்கு ஆத்திரம் ஆறவில்லை. என் உயிர் விசயத்தில் என்னிடம் ஒரு சொல் கேட்காமல் முடிவெடுக்க அவர் யார்? இதை முகத்துக்கு நேரே கேட்டு அத்தானோடு ஒரு பெரிய சண்டை பிடிக்க வேண்டும். அந்த மனிசன் இல்லை.